புளித்துப்போன புட்டி

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் இங்கே சுகம், உன் இருமல் நின்றுவிட்டது என்று நீ எழுதினால் அந்தச் சுகம் நிறைவாகும். அப்பா புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டுத் தூசியையெல்லாம் எனக்குக் காட்டிக்கொடுக்கிறார், துடைப்பதற்கு மட்டும் அந்தக் கண்ணாடி உதவவில்லை. தம்பி கணக்கில் தேறிவிட்டான். இதையெல்லாம் ஆற அமர எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இன்று ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்லாமல் கை ஓடவில்லை.

குழந்தைகள் மருத்துவமனைக்குப் பால் ஊற்றும் பால்காரம்மாவின் பாலில், கெடாமலிருக்க ஃபார்மலின் கலந்திருக்கிறது என்று போன வாரம் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். சோதனைக் குழாயில் பாலை ஊற்றி அடியில் அமிலத்தை மெல்ல இறக்கினால், மருந்து கலந்த பாலில் ஊதா வளையம் கட்டும். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் கட்டியது. நாளை அவருடைய உரிமம் ரத்தாக இருந்தது. இன்று காலை அவர் நேரே வந்து என் மேசையில் ஒரு புட்டியை வைத்தார். சோதனைக்குப் பால் எடுக்கும்போது ஒரே பாலை இரண்டு புட்டியில் நிரப்பி, அரக்கு முத்திரையிட்டு, ஒன்றை விற்றவரிடமே கொடுப்பது வழக்கம். இது அவர் பங்கு. அவர் எதிரிலேயே முத்திரையை உடைத்தேன், நாற்றம் கூடத்தையே தூக்கியது. “மருந்து போட்ட பால் இப்படியா நாறும்? படிச்சவங்கதானே, நல்லா மோந்து பாருங்க” என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. என் அலமாரியில் அதே பால் ஆறு நாளாகத் திரியாமல் இருக்கிறது, நானும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியானால் மருந்து விழுந்தது அவர் கேனில் இல்லை, எங்கள் புட்டியில். அவர் பங்கைக் கலக்கிச் சோதித்தேன், வளையமே இல்லை. பால் எடுத்துவந்த ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன், ‘அவசரத்தார்’ என்று நாங்கள் சொல்வோமே, அவரைத்தான். கொழுப்பு அளக்கும் புட்டியில் வழியில் கெடாமலிருக்க இரண்டு சொட்டு ஃபார்மலின் விடுவார்கள், அந்தப் பழக்கத்தில் கூடத்துக்கு எடுத்துவந்த எங்கள் புட்டியிலும் விட்டிருக்கிறார். “கை தன்னால போயிடுச்சு மேடம்” என்று தலையைச் சொறிந்தார்.

மறுசோதனை என்று மட்டும் எழுதுங்க, உங்க பேர் எதுக்கும்மா கெடணும் என்றார் மேலதிகாரி. நான் “பிழை எங்களுடையது, முந்தைய அறிக்கை செல்லாது” என்று எழுதி என் முழுக் கையெழுத்தையும் போட்டேன். தப்பாகிப்போனதில் இப்படியொரு சந்தோஷம் இருக்குமென்று இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது. பால்காரம்மா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் படுக்கை கூடியிருக்காம், நாளைக்கு ரெண்டு கேன் சேர்த்துக் கொண்டாரேன், வேணும்னா அதையும் சோதிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். சோதிக்கத்தான் போகிறேன், புட்டியை நானே கழுவி.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே பாலைக் காய்ச்சிக் குடி, அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா