குப்பிமேல் இருந்த பிள்ளை

அக்கா,

இன்று மத்தியானம் நம் வளவின் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண், இடுப்பில் பிள்ளையோடு வந்து ஒரு டானிக் குப்பியை என் முன்னால் வைத்தாள். அதே குப்பி. மேலே ஒட்டிய தாளில் அதே வெள்ளைக்காரப் பிள்ளை கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தது. தக்கையைத் திறந்தேன். மீனெண்ணெயும் சர்க்கரைப்பாகும் கலந்த அந்த வாடை வந்ததும், நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

"அண்ணாச்சி, நீங்க இங்கிலீசு படிப்பீயளாமே. இதுக்குப் பத்தியம் என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பத்தியம் என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

உன் மகள் பிறந்த வருஷம், நானும் உங்களோடு இருந்தபோது, இப்படித்தான் ஒரு குப்பி நம் வீட்டுக்குள் வந்தது. நீ விடியுமுன் ஆலைக்குப் போய், நாள் முழுக்க நின்று நூல் சுற்றிவிட்டு, இருட்டிய பிறகு வருவாய். பிள்ளைக்குப் பால் போதவில்லை. நோஞ்சானாகக் கிடந்தது. உன் மாமியார் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். வசம்பு சுட்டு உரைத்தாள். ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தியின்மேல் அவளுக்கு உயிர். கடைசியில் அத்தான் இந்தச் சீமை மருந்தை வாங்கி வந்தார். சரக்கு கடுமையானது, பத்தியம் தவறக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பால்குடிப் பிள்ளைக்கு மருந்து என்றால் பத்தியம் தாய்க்குத்தானே. பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து; உனக்கு வறுத்த உப்பும் வெறும் சோறும். புளி கூடாது, மீன் கூடாது, கீரை கூடாது, தேங்காய் கூடாது. உடம்பைத் தேற்றுவதற்கென்று விற்ற மருந்துக்காக உன்னைக் காயப்போட்டார்கள். இருந்த பாலும் வற்றியது. பிள்ளை அழத் தெம்பில்லாமல் முனகியது. அதற்கும் உடனே ஒரு காரணம் கிடைத்தது. ஆலையில் யாரிடமோ வாங்கித் தின்று நீ பத்தியத்தை முறித்துவிட்டாயாம்.

நீ அழவில்லை. குப்பியைத் தூக்கிப் பார்த்து என்னைக் கேட்டாய்: "ஏலே, இந்தப் பிள்ளையப் பாரு, பூசணிக்கா மாதிரி இருக்கு. எம்பிள்ளை ஓலை மாதிரி கெடக்கு. ரெண்டும் ஒரே மருந்தையா குடிக்கு?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் பிடித்த கெண்டைமீனை வாங்கினாய். தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாய். வாசல் கதவை அகலத் திறந்துபோட்டு நடுவீட்டில் உட்கார்ந்தாய்.

"நீயும் வந்து உக்காருலே. தனியாத் தின்னா களவாத் தின்னேன்னு சொல்லுவாவ."

உட்கார்ந்தேன். வளவே வாசலில் கூடிவிட்டது. உன் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஏ பாவி, மருந்து உள்ள இருக்கு, பிள்ளையக் கொன்னுபோடாதட்டி!"

"பிள்ளை செத்தா பசியில சாவும் அத்தே. மீன்குழம்புல சாவாது."

அத்தான் வந்து, "எந்திரிட்டி" என்று கத்தினார்.

நீ தட்டைப் பார்த்தபடியே சொன்னாய்: "இருங்க, இன்னும் ரெண்டு வாய் இருக்கு."

அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் வயிறாரச் சாப்பிட்டாய். பால் ஊறியது. பிள்ளை மெல்ல மெல்லத் தேறி, வீறிட்டு அழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ அடுப்படியில் உட்கார்ந்து அழுதாய். உன் மாமியாரோ, "மருந்து இப்பத்தான் பிடிச்சிருக்கு" என்று ஊரெல்லாம் சொன்னாள். அதைக் கேட்டு இன்னும் நாலு வீட்டில் குப்பி வாங்கினார்கள், பத்தியத்தோடு.

பிறகு ஒருநாள் அந்தக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. "பத்தியம் இல்லன்னு சொன்னா மருந்துன்னே நம்ப மாட்டாங்க வே. அப்புறம் எவன் வாங்குவான்?" என்றார். சரக்கின் விலையைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இங்கே ஒருத்தி ஏன் வலுவிழந்தாள் என்று எவனும் கேட்பதில்லை. ஆலைச் சங்கு ஊதி அழைத்து, அரை வயிற்றுக்குக் கூலி கொடுத்து, சக்கையாக்கி வெளியே விடுகிறார்கள். அந்தப் பசிக்கு ஒரு நோயின் பெயர் வைத்து, அதற்கு மருந்தும் விற்று, அந்தக் கூலியையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

நீ மருந்துக்கு விரோதியில்லை. காய்ச்சல் வந்தால் நிலவேம்பும் காய்ச்சுவாய், தபாலாபீசில் விற்கும் கொயினா மருந்தும் வாங்கி வருவாய். "எதக் குடிச்சாலும் சோத்துக்கு மேல குடிக்கணும்லே" என்பாய். கடைசிக் காய்ச்சலில் உனக்குக் கஷாயமும் கிடைத்தது, கொயினாவும் கிடைத்தது. படுத்துக்கிடக்க நாள்தான் கிடைக்கவில்லை. வேலைக்கு வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்றார்கள் ஆலையில். காய்ச்சலோடு போய் நின்றாய்.

நீ போன பிறகு அத்தான் கொழும்புக்குப் போய்விட்டார். உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். உன் வாய் அப்படியே அவளுக்கு.

வந்த பெண் காத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்குத் தலை மட்டும்தான் பெரிதாக இருந்தது. பத்தியமே கிடையாது என்று சொன்னால் என்னை நம்பமாட்டாள், கடைக்காரரைத்தான் நம்புவாள். ஆகவே குப்பியில் இருந்த இங்கிலீசு எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன்.

"பத்தியம் கட்டாயம் உண்டு தாயி. பிள்ளைக்கு மருந்து குடுக்குத நாளெல்லாம் நீ மீன்குழம்பு சாப்பிடணும். முருங்கைக்கீரை சாப்பிடணும். மூணு வேளையும் வயிறு நெறையச் சோறு. ஒரு வேளை தப்புனாலும் மருந்து கேக்காது."

அவள் குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரொம்பக் கடுமையான பத்தியமால்லா இருக்கு அண்ணாச்சி. எங்களால முடியுமா?"

அக்கா, உன் மகள்தான் அடுப்படியிலிருந்து மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதியை ஊற்றிக் கொடுத்தோம். நாளைக்கு அவள் என்ன செய்வாளோ தெரியாது.

மீதியை நாங்கள் இருவரும் நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம், வாசல் கதவை அகலத் திறந்துபோட்டு. இந்த வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான்.