பிடிவாத ராணி மேல என் பணம்

டெக்லான்,

அடுப்புல ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. நான் கால்வே குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிட்டேன்!

நீ மூணு நாளா வட்டம் போட்டு வச்ச பந்தயப் பேப்பரைக் கிழிச்சுத்தான் காலையில கணப்பு மூட்டினேன். தெரியாம செஞ்சேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

தடைதாண்டுற பந்தயத்துல இருபது குதிரை. நான் பிடிவாத ராணி மேலதான் கட்டுவேன். நிறைய ஜெயிச்ச குதிரைன்னு, மத்ததுக்கும் வாய்ப்பு கிடைக்கட்டும்னு அது முதுகுலதான் அதிக ஈயப் பாரம் ஏத்தியிருக்காங்க, தேறாதுன்னு நேத்து சிரிச்சியே? நாலு பிள்ளைங்க, உங்கம்மா, நீ, இத்தனை பேரையும் சுமந்துக்கிட்டு நான் தாண்டலையா?

ஓனா

பி.கு.: நீ வட்டம் போட்ட குதிரை மேலயும் கட்டுறேன். கட்டாம விட்டு அது ஜெயிச்சுட்டா நீ மூஞ்சியைத் தொங்கப் போடுவே. அந்தப் பாரத்தை மட்டும் என்னால சுமக்க முடியாது.