சாய்ந்து போட்ட பந்து

புதன் இரவு.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஜோசப் இன்றுதான் மறுபடி பாஸ்கெட்பால் ஆட வந்தான். டாக்டர் சரி என்றுவிட்டாராம். வழக்கம்போல என்னைத் தடுக்க எதிரே நின்றான். தொப்பையால் இடித்துக்கொண்டு கூடைப் பக்கம் ஏறுவதுதான் என் ஒரே வித்தை. இன்று அவனைத் தொடாமல், பின்னால் துள்ளிச் சாய்ந்தபடியே பந்தைப் போட்டேன். ஒன்றும் விழவில்லை.

"இன்னாடா, சாஞ்சிகினே போடுற?"

"முட்டி வலிடா."

"என் பொண்டாட்டி போன் பண்ணாளா?"

உருண்டு போன பந்தை எடுக்கப் போனேன். காலையில் அவள் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: "இடிச்சிடாதீங்கண்ணா."

"நாளைக்கும் இப்டி ஆடுனா, நான் இனிமே வர்ல," என்று பையோடு போய்விட்டான்.

வராவிட்டால் வீட்டிலேயே நோயாளியாகிவிடுவான். நாளை இடித்தாக வேண்டும். நோகாமல், அவனுக்கும் சந்தேகம் வராமல். தலையணையை நிறுத்தி வைத்து இடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விழுந்துவிடுகிறது.