நாலு திருகும் அம்மாவின் குரலும்

அன்பு வாலுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் வலது கணுக்காலைத் தவிர. பதறாதே, சுளுக்குதான், மூன்று வாரம் நடக்கக் கூடாது என்கிறார் டாக்டர். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய எஃகுக் கைச்சங்கிலியைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறேன். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பானர் என்று எழுதியிருந்தாய், எனக்கு எதற்கு அதெல்லாம், ஆணி அடித்தால் விரலில் அடிக்கிறவன் நான். இந்த வீட்டில் மின்விசிறி முதல் மிக்ஸி வரை பிரித்து மாட்டியது உன் அம்மா, டார்ச் பிடித்தது மட்டும் நான், அதுவும் கோணலாக. ஆனாலும் பஸ்ஸில் ஒருவர் சங்கிலியைப் பார்த்து, சார் மெக்கானிக்கா என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதே.

செவ்வாய் மதியம் ஷவரைச் சரிசெய்ய டூல்ஸ் பெட்டியோடு அம்மா குளியலறைக்குள் போனாள். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டு, பூட்டு இறுகிக்கொண்டது. பிடித்து இழுத்ததில் ஈரத்தில் வழுக்கி விழுந்து, கணுக்கால் சுளுக்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். தச்சருக்கு போன் போட்டால் சாயங்காலம் வருகிறேன் என்கிறார், உள்ளே அவள் முனகுகிறாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்போது அவளேதான், ஏங்க, கையில இருக்கிற சங்கிலியைக் கழட்டுங்க, கைப்பிடியைச் சுத்தி நாலு திருகு இருக்கும் பாருங்க, இடப்பக்கமா திருப்புங்க, அவசரமே இல்ல என்றாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது அந்தக் குரல். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. திருகு சுற்றச் சுற்ற நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன், என் விரல்கள் என்னுடையவையாகவே தெரியவில்லை, அவளுடையவை போல நிதானமாக இருந்தன. நாலாவது திருகு உள்ளங்கையில் விழுந்தபோது, இன்னொன்று இருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கதவு திறந்தது. நாப்பது நிமிஷம் ஆக்கிட்டீங்க என்று சிரித்தவள் அப்புறம் அழுதுவிட்டாள், நானும்தான்.

நேற்று சமையலறை அலமாரிக் கதவை நானே கழற்றி மாட்டினேன். சற்றே சாய்ந்துவிட்டது, திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று கத்துகிறது. சின்னச் சத்தத்தைக்கூடப் பொறுக்காதவள், படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ எங்கள் ஆசி. உங்கள் வீட்டுப் பூட்டுகளுக்கு மறக்காமல் எண்ணெய் விடு.

அம்மாவின் கட்டிலோரம் அமர்ந்து எழுதும்,
உன் அப்பா