எண்ணெய் விட்ட பியானோ

அன்புள்ள உமையாளுக்கு,

இங்கே நம் கடைக்கு வரும் மேடம் கூ பழுதுபார்க்கக் கொடுத்த குட்டிப் பியானோவை நான் கெடுத்துவிட்டேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கைப்பிடியைச் சுற்றினால் தானாக வாசிக்கும் பழைய பெட்டி. அவர் அம்மாவின் கல்யாணத்தில் வாசித்ததாம். கம்பிகளை முறுக்கும் ஆணிகள் இறுகிக் கிடந்தன. நம்மூர்க் கதவுக் கீலுக்கு விடுவதுபோல் தேங்காயெண்ணெய் விட்டேன். இப்போது ஓர் ஆணியும் பிடித்து நிற்கவில்லை. சுருதி கூட்டக் கூட்டக் கம்பி தளர்ந்துவிடுகிறது.

சுருதி சேர்க்கும் யுகேந்திரனை பக்கத்து டத்தோ கிராமாட் பகுதியிலிருந்து கூப்பிட்டேன். "தாளிச்சு வச்சிருக்கீங்களே அண்ணே," என்று சிரித்தான். "தடிச்ச ஆணி அடிச்சுப் பார்க்கலாம்லா. ஆணி நிக்கிற பலகை பிளந்தா என்னைக் கேக்காதீங்க."

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். திட்டவில்லை.

ஆத்தாவிடம் சொல்லாதே. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நீ தேய்க்கும் தலைவலித் தைலம் ஒரு குப்பி கொடுத்துவிடு, வாசனைக்காவது இருக்கட்டும். யுகேந்திரன் சுத்தியலோடு வந்துவிட்டான், ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

மேடத்தோடு பேசி முடித்தது இதுதான்: பெட்டி வாசித்தால் எனக்குக் கூலி கிடையாது. பலகை பிளந்தால், நம் கடையில் அவர் கைகாட்டும் மூன்று சாமான்களை விலை பேசாமல் கொடுத்துவிட வேண்டும்.

சாத்தப்பன்