ஆணியில் தொங்கிய எழுத்து

1958, தை மாதம், புதன்கிழமை இரவு

காவடி விரதத்தில் இது நான்காம் நாள். உடம்பு ஓய்ந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதாமல் படுக்க முடியவில்லை.

கான் தெ மாஸ்க் ஊரில் மகளைப் பார்த்துவிட்டு வரும்போது போர்ட் லூயி பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் போனேன். அங்கே குழாயில் தண்ணீர் வராது. விரதத்தில் சுத்தம் தப்பக் கூடாது என்று கையோடு டின்னில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். உள்ளே, துடைத்துக்கொள்வதற்காக ஆணியில் பழைய பத்திரிகைத் துண்டுகள் தொங்கின. எல்லாம் தமிழ். ஒன்றில் 'முருகன்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். பிறகு விட்டுவர மனம் வரவில்லை. ஏழு துண்டுகளையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் போனவர் காகிதம் கேட்டு உள்ளிருந்து கத்தினார். கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் மரியம்மா, கிரியோலில் மாமா என்று கூப்பிட்டு என்னை மறித்தாள்.

"தொந்தோன், காகிதத்த எங்க கொண்டுபோறீங்க?"

"இதுல சாமி பேர் இருக்கும்மா."

"போன வருஷமும் இதே காகிதந்தான். அப்ப சும்மாதானே போனீங்க?"

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, உள்ள இருக்கிறவருக்கு என்ன சொல்ல?"

கை கழுவ மிச்சம் வைத்திருந்த தண்ணீரை டின்னோடு கதவுக்கடியில் தள்ளினேன்.

பிறகு கழுவாத கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி டிராங்கெபாரில் இருக்கும் வீடு வரை நடந்தேன். கொல்லையில் குளித்த பிறகுதான் இந்த நோட்டைத் தொட்டேன்.

துண்டுகளை ஜன்னலுக்கு வெளியே திண்டில் கல்லுக்கடியில் வைத்திருக்கிறேன். கழிப்பறைக் காகிதம், ஆனால் சாமி பேர். உள்ளே எடுத்துவரலாமா, தெரியவில்லை. இன்னும் ஆறு துண்டு படிக்க இருக்கிறது. கண் சொருகுகிறது.