லெஸ்டருக்குப் போய் ஏரியா?

அன்புத் தம்பிக்கு,

போரில் செத்தவர்களின் பெயரை நம் சஸ்காட்செவான் மாகாணத்தின் வடக்கே உள்ள ஏரிகளுக்கும் குன்றுகளுக்கும் வைக்கிறார்கள் என்றதும் மனு போட்டுவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஒரு குன்று கேட்டிருக்கக் கூடாதா? உன் அண்ணன் லெஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதியில் துப்பாக்கியோடு உட்கார்ந்து ஜெர்மனிமேல் பறந்தவன்தான். ஆனால் நம் பண்ணைக் குட்டையில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான்.

நேற்று அந்த ஏரிக்குப் போனேன். மிதவை விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். உனக்குத்தான் இடுப்பு வலியாயிற்றே!

ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிறகு கைதி முகாமிலிருந்து லெஸ்டர் போட்ட கடைசி அஞ்சலட்டையையும் எடுத்துப் போயிருந்தேன். 'லேசான காய்ச்சல்தான், எல்லாரும் பக்கத்தில் இருக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறான். சாகும்வரை தனி அறையில் போட்டிருந்தார்கள் என்று அவனுடைய கூட்டாளி பிறகு வந்து சொன்னது உனக்கும் தெரியும்.

எழுபத்தெட்டு வயதில், புதுச் செருப்போடு முழங்கால்வரை இறங்கினேன்.

"ஐயோ, ஏறி வாங்கம்மா, தண்ணி ஐஸா இருக்கு!" என்று கத்தினான் விமானி.

"தெரியுதுப்பா. கொஞ்சம் சும்மா இரு."

குனிந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, விறைக்கும்வரை வைத்திருந்தேன்.

இப்போது எனக்குச் சளி. எல்லாம் உன்னால்தான். அடுத்த கோடையில் அந்த இடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்து நீயும் இறங்கு. அவனுக்கு இன்னொரு கையும் இருக்கிறது.

உன் அக்கா